தாத்தாவுக்கு ஒப்பரேசன்

பெயர்ப்பலகை எழுதியவனைச் சாலிஹ் இன்னும் மன்னிக்கவில்லை. ‘சாலிஹ் துப்பறியும் சேவை’ என்று தாளில் எழுதிக் கொடுத்ததை அவன் ‘சாலிஹ் துப்புரவுச் சேவை’ என்று வாசித்து, அப்படியே எழுதி, அழகுக்கு ஒரு வாளியையும் தும்புத்தடியையும் வரைந்து, கல்முனைக் கடைத்தெருவில் துணிக்கடை ஒன்றின் மாடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று நினைத்தே இரண்டு பெருநாள் கழிந்துவிட்டது. காப்புறுதிக் கம்பனியில் இடிபட்ட வாகனங்களைச் சுற்றிச் சுற்றி வந்து யார் பொய் சொல்கிறார் என்று கண்டுபிடிக்கிற உத்தியோகத்தை உதறிவிட்டு, இனிச் சொந்தமாகத் துப்பறிவேன் என்று மார்தட்டிப் புறப்பட்ட மனிதரிடம் இதுவரை வந்தவர்களில் பாதிப் பேர் கக்கூஸ் குழி நிரம்பியவர்கள்.

மார்தட்டுகிற விஷயத்திலும் சாலிஹுக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஐம்பது வயதுக்குள் தலையிலிருந்து போன முடியெல்லாம் அவருக்கு நெஞ்சில் சதையாக வந்து சேர்ந்திருந்தது. தட்டினால் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருக்கும். அதனால் அவர் தட்டுவதில்லை.

உதவியாளன் றிம்சான், அவருடைய மனைவியின் தம்பி. ஆட்டோ ஓட்டுகிறவன். சம்பளம் கேட்டதில்லை, அதற்குப் பதிலாக மச்சானைப் பற்றி வாயில் வந்ததையெல்லாம் சொல்லும் உரிமையை எடுத்துக்கொண்டான். சாலிஹ் கணக்குப் பார்த்ததில், சம்பளம் கொடுத்திருந்தால் மலிவாக முடிந்திருக்கும்.

அன்று காலை மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தவள் குழி நிரம்பியவள் இல்லை. கறுப்பு அபாயா, தங்க விளிம்புக் கண்ணாடி, நல்ல வீட்டுப் பெண் என்று சொல்லும் நிமிர்வு. கல்முனைக்குடி ஹஸன் ஹாஜியாரின் மனைவி சரீபா என்று பெயரைச் சொன்னாள். ஹஸன் ஹாஜியாரைத் தெரியாதவர் அந்தப் பக்கத்தில் இல்லை. இறக்காமத்து வயல்களில் விளைகிற நெல்லில் முக்கால்வாசி அவருடைய ஆலையில்தான் அரிசியாகும். பள்ளிவாசல் நிர்வாகத்திலும் அவர்தான் முன்வரிசை.

“இருங்க தாத்தா,” என்றார் சாலிஹ். மூத்த சகோதரியை அந்தக் கரையோர முஸ்லிம் வீடுகளில் சிலர் ராத்தா என்பார்கள், சிலர் தாத்தா என்பார்கள். சாலிஹ் பிறந்த வீட்டில் தாத்தா. வயதில் மூத்த பெண் யார் வந்தாலும் அவருக்குத் தாத்தாதான்.

சரீபா உட்காரவில்லை. கைப்பைக்குள்ளிருந்து ரோஸ் நிறக் காகிதப் பை ஒன்றை உருவி மேசையில் வைத்தாள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள்.

பையில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் படம். அதன் கீழே ‘முகப்பொலிவு, கேசப்பொலிவு, மார்பகப்பொலிவு’ என்று பெரிய எழுத்து. அதற்கும் கீழே திருச்சி முகவரி, தொலைபேசி இலக்கம்.

“வாற வெள்ளி எண்ட மகன் றாஸிக்குக்குக் கலியாணம், காவின் எழுதுற,” என்றாள் சரீபா. “பொண்ணு சாய்ந்தமருது ஸப்னா. பாமசியில வேல செய்ற புள்ள. நேத்து நான் பிரசர் குளிச எடுக்கப் போன. அவள்ட குடைக்குப் பக்கத்துல, மேசைக்குக் கீழ இது கிடந்திச்சி. அவள் அங்கால திரும்பக்குள்ள எடுத்துட்டு வந்துட்டன்.”

“களவா?” என்றான் றிம்சான்.

“துப்பறிஞ்சி,” என்றாள் சரீபா. சாலிஹுக்கு அந்தச் சொல்லில் தன் பங்கு பறிபோனது போலிருந்தது.

உள்ளே ஒரு கையில்லாச் சட்டை இருந்தது. தோல் நிறம், இறுகிய ரப்பர் துணி, நடுவில் இழுத்துப் பூட்டும் சிப். ஒப்பரேசன் செய்த இடத்தை இறுக்கிப் பிடிக்கப் போடுகிற சாமான் என்பது சொல்லாமலே விளங்கியது.

“போன மாசம் கலியாணச் சாமான் வாங்கப் போறம் எண்டு அவளும் அவள்ட தாத்தாக்காரியும் திருச்சிக்குப் போய் வந்தாளுகள். சாமானோட சாமானா இதையும் கட்டிட்டு வந்திருக்காள். நெஞ்சுக்குள்ள சிலிக்கன் பை வெச்சித் தைக்கிறாங்களாமே, அது.” சரீபாவின் குரல் இறங்கியது. “எனக்கு அவளில விருப்பந்தான். பாத்துப் பாத்து எடுத்த புள்ள. எண்டாலும் பொய்யான உடம்புக்கு மஹர்ப் பணம் குடுக்கேலா. நீங்க அறிஞ்சி சொல்லுங்க. ஓம் எண்டா வெள்ளிக்கிழமக் கலியாணம் இல்ல.”

“இப்ப ஆருதான் செய்யல்ல, தாத்தா?” என்றான் றிம்சான். “போன்ல பூந்தா ஒரே மூக்கும் உதடுந்தான். கீழ்க்கட முதலாளி துருக்கிக்குப் போய் தலையில நாத்து நட்டுட்டு வந்திருக்கார். ரெண்டு போகம் விளைஞ்சிட்டு.”

“எண்ட மனிசனுக்கு இது ஒண்டும் தெரியப்படா,” என்றாள் சரீபா, அவனைக் கவனிக்காமல். “அவருக்கு நெஞ்சில வருத்தம். அவரும் இப்பதான் இந்தியாவுக்குப் போய் நெஞ்சக் காட்டிட்டு வந்த. கடுமையான கதை ஒண்டும் காதுல போடப்படாதாம்.”

சாலிஹ் தலையாட்டினார். அந்த வாக்கியத்தைக் கேட்டவர்களில் மூளை உள்ளவன் எவனும் அந்த இடத்திலேயே வழக்கை முடித்திருப்பான். சாலிஹ் தலையை மட்டும் ஆட்டினார்.

*

அவள் போனதும் இருவரும் சட்டையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சாலிஹ் பூதக்கண்ணாடியை எடுத்தார். அது ஸ்டாம்பு பார்க்க வாங்கியது. ஒன்றும் தெரியவில்லை. முகர்ந்து பார்த்தார். சவர்க்காரத்தையும் மீறி ஊது அத்தர் மணந்தது.

“பாமசி வாசம்,” என்று முடிவு செய்தார்.

“பாமசியில டெட்டோல்தான் மணக்கும் மச்சான்.”

“நீ வாய மூடு.”

றிம்சான் மூடவில்லை. சட்டையைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தான். “எனக்கு ஒரு சந்தேகம். சிலிக்கன் எண்டா நம்மட அலுமினியக் கடையில ஜன்னல் கண்ணாடி ஒட்டுற சாமான்தானே? அதப் பை பையா வெச்சா இதுக்குள்ள எங்க இடம்? முன்பக்கம் பலக மாதிரிக் கிடக்கு. இருக்கிறதையே இது நசிச்சிப் போடுமே.”

“அதெல்லாம் வைத்தியம். உனக்கு விளங்காது,” என்றார் சாலிஹ். அவருக்கும் விளங்கவில்லை. “அளவுதான் முக்கியம். அளவு எழுதின துண்ட வெட்டி எடுத்திருக்கு பாரு. ஆருட உடம்புக்குச் சரி எண்டு கண்டுபிடிச்சா ஆள் அம்பிட்டான்.”

“ஸப்னா வெண்டிக்காய் மாதிரி. இதுக்குள்ள ரெண்டு ஸப்னா போகலாம்.” றிம்சான் சட்டையைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான், மறுபடி சட்டையைப் பார்த்தான். “இது உங்களுக்குத்தான் அளவு.”

சாலிஹ் துப்பறியும் தொழிலுக்காக எதையும் செய்வார். போட்டிருந்த சேட்டைக் கழற்றி, அந்தச் சட்டையை மாட்டி, மூச்சை உள்ளே இழுத்து, சிப்பை மேலே ஏற்றினார். தைத்தது போல் பொருந்தியது. கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்தார். நெஞ்சு இல்லை. முப்பது வருடங்களுக்குப் பிறகு அவர் தன் நெஞ்சு இல்லாத சாலிஹைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார், அந்த ஆளைப் பிடித்திருந்தது.

பிறகு கழற்றப் பார்த்தார். சிப் இறங்க மறுத்தது. றிம்சான் ஒரு காலை மேசையில் ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. சரீபா கண்ணாடிக் கூட்டை மறந்து விட்டுப் போயிருந்தாள்.

அவள் பார்த்தாள். சாலிஹ் மேசைத்துணியை இழுத்துப் போர்த்தப் பார்த்து, தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்தார்.

“அஸ்தஃபிருல்லாஹ்,” என்று சொல்லிவிட்டு அவள் கூட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

*

சிப்பைக் கழற்ற அரை மணி நேரமும் தேங்காய் எண்ணெயும் வேண்டியிருந்தன. அதன் பிறகு சாலிஹ் பையிலிருந்த திருச்சி இலக்கத்துக்குப் போன் போட்டார். இந்தியாவுக்குக் கதைக்கிறோம் என்றால் நம்மவர்களுக்கு நாக்கு தானாகவே மடங்கிவிடும். சாலிஹும் தொண்டையைச் செருமி, சினிமாவில் கேட்ட தமிழை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“வணக்கங்க. ஸப்னா வீட்டிலேருந்து பேசுறோமுங்க. சட்டையோட சிப்பு மாட்டிக்கிச்சுங்க.”

“ஸப்னாவா? ஒரு நிமிஷம் சார்.” இளம் பெண்குரல். “ஆமா, ஸ்ரீலங்கா. இந்தப் பேருலதான் போன் நம்பர் இருக்கு. தாத்தாவோட வெஸ்ட்டுதானே?”

சாலிஹ் நிமிர்ந்தார். “தாத்தாவோடதா?”

“ஆமாங்க, தாத்தாவுக்குத்தானே ஆபரேஷன். இப்ப எப்படி இருக்காங்க? வீக்கம் வத்திடுச்சா? பாவம், ரொம்பக் கூச்சப்பட்டாங்க. அந்தப் பொண்ணுதான் பக்கத்துல உக்காந்து தைரியம் சொல்லிச்சு.”

“இருக்காங்க, இருக்காங்க. நல்லா இருக்காங்க,” என்று சொல்லிப் போனை வைத்தார். மேசையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். நெஞ்சு ஆடி நின்ற பிறகு பேசினார்.

“கேட்டியா? ஒப்பரேசன் ஸப்னாக்கு இல்ல. அவள்ட தாத்தாக்கு. மூத்தவள், அஸ்பியா. தங்கச்சி துணைக்குப் போயிருக்காள். மூத்தவள்ட மானத்துக்காகப் பைய ஒளிச்சி வெச்சிருக்காள். கலியாணம் தப்பிப் பிழைச்சிட்டு.”

“மச்சான், இவ்வளவு கெதியா நீங்க ஒண்டையும் கண்டுபிடிச்சதில்ல. எனக்குப் பயமாக் கிடக்கு.”

“அத்தாட்சி எடுக்கோணும். வண்டிய எடு.”

சாய்ந்தமருதுக்குப் போகும் வழியெல்லாம் சாலிஹ் ஒரு பிரச்சினையை யோசித்துக்கொண்டு போனார். காப்புறுதியில் இருந்தபோது இடிபட்ட இடத்தைக் குனிந்து, தட்டி, தடவிப் பார்ப்பார். இங்கே துப்பு இருக்கிற இடம், பார்க்கவே கூடாத இடம். துப்பறிபவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு துப்பறிய வேண்டிய வழக்கு உலகத்திலேயே தனக்குத்தான் கிடைத்திருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

அஸ்பியாவின் வீட்டுக்கு எந்தச் சாட்டில் போவது என்பதும் ஒரு கேள்வி. பலகை எழுதியவன் அங்கே முதல் தடவையாக உதவினான். “துப்புரவுச் சேவை, தங்கச்சி. குழி பாக்க வந்த,” என்றார் சாலிஹ், முற்றத்துத் தென்னை மரத்தைப் பார்த்தபடி.

“ஆரு வரச் சொன்ன? எங்கட குழி நிரம்பல்லயே,” என்றாள் அஸ்பியா. ஒரு பிள்ளை இடுப்பில், ஒரு பிள்ளை அபாயாவைப் பிடித்தபடி, இன்னொன்று உள்ளே அழுதுகொண்டிருந்தது. “நீங்க ஏன் மரத்தோட கதைக்கிறீங்க?”

“அவருக்குக் கழுத்துல பிடிப்பு,” என்றான் றிம்சான். சொல்லிக்கொண்டே அவன் கண் பக்கத்துக் கொடிக்குப் போனது. பிள்ளைகளின் பாடசாலைச் சட்டைகளுக்கு நடுவில், ஒரு படுக்கைவிரிப்பின் மறைவில், தோல் நிறத்தில் இன்னொரு கையில்லாச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதிலும் நடுவில் சிப்.

சாலிஹ் அதைக் கண்டதும் நாடகத்தைக் கைவிட்டார். ரோஸ் நிறப் பையை வெளியே எடுத்து, தென்னை மரத்திடம் விஷயத்தைச் சொன்னார். மரம் பேசாமல் கேட்டது. அஸ்பியா அப்படியில்லை.

“எனக்கா? ஒப்பரேசனா?” அவள் சிரிக்கத் தொடங்கினாள். இடுப்பிலிருந்த பிள்ளையும் சேர்ந்து சிரித்தது. “மூணு புள்ளைக்குப் பால் குடுத்து நிமிந்தவள் நான். காசு கொட்டிக் கிடந்தா முதல்ல நித்திரைக்கித்தான் ஒப்பரேசன் செய்வன். அந்தச் சட்ட ஆரோ நோயாளிட. பாமசிக்கு வாற ஆளாம், ஊட்டுல கழுவ வசதி இல்லயாம் எண்டு ஸப்னாதான் கொண்டு வந்து கழுவிப் போடுறாள்.”

படலை திறந்தது. பகல் சாப்பாட்டுக்கு வந்த ஸப்னா பையைக் கண்டு அப்படியே நின்றாள். மெல்லிய பெண். முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது.

“அது எப்படி உங்கட கையில?”

“உங்கட மாமி தந்த,” என்றார் சாலிஹ். பொய் சொல்ல மனம் வரவில்லை. “நீங்க ஒப்பரேசன் செஞ்ச எண்டு அவ நினைக்கிறா. நான் இல்லயெண்டு சொல்லாட்டி வெள்ளிக்கிழமக் கலியாணம் இல்ல.”

ஸப்னா படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். “அது எண்டயும் இல்ல, ராத்தாடயும் இல்ல.”

“அப்ப ஆருட?”

“சொல்லேலா.”

“புள்ள, சொல்லிரு,” என்றாள் அஸ்பியா. சிரிப்பு நின்றிருந்தது.

“ஏலா ராத்தா. அமானிதமா என்னெ நம்பிச் சொன்ன கதை. சொன்னா அந்த ஆளுக்கு இந்த ஊர்ல நிமிந்து நடக்கேலாமப் போயிரும்.” கண் நிறைந்து வழிந்ததை அவள் துடைக்கவில்லை. “மாமிக்கு எண்ட சொல்லில நம்பிக்க இல்லயெண்டா நிப்பாட்டட்டும். நான் றாஸிக்க விரும்பித்தான் முடிக்கிற. எண்டாலும் இதச் சொல்லித்தான் முடிக்கோணும் எண்டா எனக்கு வேணா.”

சாலிஹ் முதல் தடவையாகத் தென்னை மரத்தை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. காலையிலிருந்து அவளுடைய உடம்பைப் பற்றிக் கதைத்தவர்களில் அவரும் ஒருவர்.

*

ஆட்டோ கடற்கரை வீதியில் போய்க்கொண்டிருந்தது. றிம்சான் கூடப் பேசவில்லை. அவன் பேசாதிருந்தால் வண்டியில் ஏதோ பழுது என்பது போல இருக்கும்.

“நிப்பாட்டு,” என்றார் சாலிஹ் திடீரென்று.

“மூத்திரமா?”

“அந்தப் புள்ள மூத்தவள என்னெண்டு கூப்பிட்ட?”

“ராத்தா எண்டு.”

“ராத்தா எண்டு. தாத்தா எண்டு இல்ல. அது ராத்தா வீடு. நம்மடதுதான் தாத்தா வீடு.” சாலிஹ் ஆட்டோவின் கம்பியைப் பிடித்து எழும்பப் பார்த்துத் தலையை இடித்துக்கொண்டார். “அப்ப திருச்சிக்காரி சொன்ன தாத்தா, ஸப்னா சொல்லிக் குடுத்த சொல் இல்ல. அது திருச்சிக்காரிட ஊர்ச் சொல். திருச்சியில தாத்தா எண்டா ஆரு?”

படம் பார்த்தே வளர்ந்த றிம்சானுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. “வாப்பாட வாப்பா,” என்றான். சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடி இருந்தான். “றப்பே. கிழவன்.”

“கூச்சப்பட்டாங்க, நல்லா இருக்காங்க எண்டாள். அவங்கட மரியாதையில ஆணும் பொண்ணும் ஒண்டுதான். நான் என்ட வசதிக்குப் பொண்ணாக்கிட்டன்.”

“ஸப்னாட மூத்தவாப்பா சுனாமியோட போயிட்டாரே மச்சான்.”

“சொந்தக்காரன் எண்டு ஆரு சொன்ன? தாடி நரைச்ச ஆர் போனாலும் திருச்சிக்காரி தாத்தா எண்டுதான் சொல்லுவாள்.” சாலிஹ் விரல் மடக்கவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். பலகை மாதிரி முன்பக்கம். ஊது அத்தர். வீட்டுக் கொடியில் காயப்போட முடியாத சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே, தைத்தது போல அவருக்குப் பொருந்திய அளவு. அவருக்குச் சரியென்றால் அது ஒரு தடித்த ஆணுக்குச் சரி. உடம்பிலேயே மாட்டிக்கொண்டு நின்ற துப்பை அரை மணி நேரம் எண்ணெய் போட்டுக் கழற்றி எறிந்திருக்கிறார்.

“பெருசாக்குற ஒப்பரேசன் இல்ல றிம்சான். குறைக்கிற ஒப்பரேசன். ஆம்புளைக்கு.”

“இந்தியாவுக்குப் போய் நெஞ்சக் காட்டிட்டு வந்தவர்,” என்றான் றிம்சான் மெதுவாக. “பாவம், அந்த மனிசன் பொண்டாட்டிக்கிட்ட ஒரு சொல்லும் பொய் சொல்லல்ல.”

*

கல்முனைக்குடியில் சரீபா வாசலிலேயே காத்திருந்தாள். ஹாஜியார் ஆலையில் என்று சொல்லி அவர்களை மண்டபத்தில் இருத்தினாள். சாலிஹ் பையை மேசையில் வைத்தார். வழியெல்லாம் யோசித்து வைத்த ஒரே பதிலைச் சொன்னார்: ஸப்னாவுடையது இல்லை, வேறொருவருடையது, அதற்கு மேல் கேட்காதீர்கள்.

அதற்கு மேல் கேட்காமலிருக்கவா உங்களைப் பிடித்தேன் என்பதுபோலச் சரீபா பார்த்தாள். “ஆருட எண்டு சொல்லுங்க. சொல்லாட்டி அவள்டதான். மூடி மறைக்க உங்களையும் வாங்கிட்டாள்.”

அப்போது ஊது அத்தர் மணந்தது.

ஹஸன் ஹாஜியார் வெள்ளை ஜுப்பாவில் வாசலில் நின்றார். பரந்த மனிதர், நரைத்த தாடி, முதுகு விறைப்பாக நிமிர்ந்திருந்தது. ஜுப்பாவுக்குள் எது அப்படி நிமிர்த்தி வைத்திருக்கிறது என்று சாலிஹுக்கு இப்போது தெரியும். ஹாஜியாரின் கண் மேசையில் இருந்த ரோஸ் நிறப் பையில் விழுந்து அங்கேயே நின்றது.

சரீபா பையை மறைக்கப் பார்த்தாள். முடியாதென்று தெரிந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். “உங்கட நெஞ்சுக்கு ஆகாது எண்டுதான் சொல்லாம இருந்த. ஸப்னா திருச்சிக்குப் போய் மார்புக்கு ஒப்பரேசன் செஞ்சிட்டு வந்திருக்காள். இது அவள்ட சட்ட. இந்தக் கலியாணம் வேணா.”

“அது ஸப்னாட இல்ல,” என்றார் ஹாஜியார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஹாஜியார் வாயைத் திறந்தார். கை ஜுப்பாவின் பொத்தானுக்குப் போனது. போன ஜும்ஆவில் அழகுக்காக உடம்பை வெட்டுகிறவர்களைப் பற்றிப் பயான் நடந்தபோது முன்வரிசையில் இருந்து தலையாட்டியவர் அவர். பயானுக்கு அந்தத் தலைப்பைத் தெரிவு செய்த நிர்வாகக் கூட்டத்துக்குத் தலைமையும் அவர்தான். அந்த முகத்தைச் சாலிஹுக்குப் பார்க்க முடியவில்லை. காப்புறுதியில் எத்தனையோ பேர் பொய் சொல்லி மாட்டிக்கொண்டதைப் பார்த்தவர். உண்மையைச் சொல்லி மாட்டிக்கொள்ளப் போகிற ஒருவரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சாலிஹ் எழுந்து நின்றார்.

“அது எண்ட சட்ட, தாத்தா.”

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர்களில் றிம்சானும் ஒருவன்.

“திருச்சியில செஞ்ச. சிப் இறுகிட்டு, ஆரும் காணாமச் சரிபண்ணச் சொல்லி ஸப்னாக்கிட்டக் குடுத்து வெச்ச. நீங்க அதையே கொண்டு வந்து எண்ட மேசையில வெச்ச உடன எனக்குப் பேச்சு வரல்ல. அந்தப் புள்ளையும் எண்ட மானத்துக்காகத்தான் வாயத் திறக்கல்ல.” சாலிஹ் மூச்சை எடுத்துக்கொண்டார். “காலையில நீங்களே உங்கட கண்ணால கண்டீங்களே, தாத்தா. எனக்கு எப்படிச் சரியா இருந்திச்சி?”

சரீபாவுக்குக் காலைக் காட்சி திரும்பி வந்தது. முகம் மாறியது. கண்ணாடியைச் சரிசெய்து, சாலிஹின் முகத்திலிருந்து மெதுவாகக் கீழே இறங்கி, நெஞ்சில் கொஞ்ச நேரம் தங்கினாள். சாலிஹ் பார்க்கத் தயங்கிய இடத்தை அவள் தயங்காமல் பார்த்தாள்.

“ஒப்பரேசன் சரிவரல்ல போல,” என்றாள்.

“வொறண்டி இருக்கு, தாத்தா,” என்றான் றிம்சான். “திரும்பி வரச் சொல்லியிருக்காங்க.”

சரீபாவின் வாய் கோணியது. முக்காட்டு நுனியால் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். குசினிக்குள்ளிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. சிரிப்பின் முடிவில் அழுவதும் கேட்டது. “எண்ட புள்ளைய நானே தப்பா நினைச்சிட்டனே,” என்று அவள் யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் ஸப்னா என்று சாலிஹ் ஊகித்தார். அவருடைய ஊகங்களில் சரியாக வந்த சிலவற்றில் அது ஒன்று.

சாலிஹ் இப்போது தன்னுடையதாகிவிட்ட பையை எடுத்துக்கொண்டு கிளம்ப, ஹாஜியார் படலை வரை கூட வந்தார். குசினிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“சின்ன வயசுல இருந்து கடல்ல சேட்டோடதான் குளிச்ச,” என்றார். “பள்ளிக்கூடத்துல பொடியனுகள் வெச்ச பேர் இன்னும் காதுல கிடக்கு. ஹஜ்ஜுக்குப் போன. இஹ்றாம் துணி ஒரு தோள மூடாது, தெரியுந்தானே? எல்லாரும் துஆக் கேட்டு அழுறாங்க. நான் துணிய நெஞ்சோட இறுக்கிப் புடிச்சிட்டே கஃபாவச் சுத்தி வாறன். அல்லாட வீட்டுலயும் எண்ட நெனப்பு நெஞ்சுலதான் இருந்திச்சி. இன்னொருக்கா போனா ஒழுங்காப் போகோணும் எண்டுதான் செஞ்ச. திருச்சியில அந்த வாசல்ல உள்ளுக்குப் போறதா திரும்புறதா எண்டு நிக்கக்குள்ள, துணிக்கடையால தனிய வந்த ஸப்னா கண்டுட்டாள்.”

“கலியாணம் போனாலும் சொல்லமாட்டன் எண்டு அந்தப் புள்ள நிண்ட, ஹாஜியார்.”

ஹாஜியார் தாடியைத் தடவினார். கை தாடியிலேயே நின்றுவிட்டது. “எண்ட மகன் அந்த ஊட்டுக்கு மாப்பிள்ளையாப் போறது அவன்ட நல்ல நஸீபு. வெள்ளிக்கிழம காவின் முடியட்டும். சரீபாக்கு நானே சொல்றன். ஊருக்குச் சொல்ற அளவுக்கு இன்னும் தைரியம் வரல்ல.”

“ஊருக்கு எண்ட பேர் போகட்டும். அது ஏற்கனவே கக்கூஸ் குழியோட கிடக்கிற பேர்தானே.”

ஹாஜியார் அவரைக் கட்டிப்பிடித்து முஆனக்கா செய்தார். ஒரு நெஞ்சு பலகையாக இருந்தது, மற்றது அப்படியில்லை. சாலிஹுக்குப் பொறாமையாக இருந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. அவரும் ஒரு நாளும் கடலில் பெனியன் இல்லாமல் இறங்கியதில்லை.

ஆட்டோ கடைத்தெருவுக்குத் திரும்புவதற்குள் செய்தி முந்திக்கொண்டது. ஒருவரிடமும் சொல்லாதே என்று சொல்லி, சரீபா தன் தங்கச்சியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். தேநீர்க் கடையில் ஒருவன் சாலிஹின் நெஞ்சைப் பார்த்து ஸலாம் சொன்னான். துருக்கியில் நாற்று நட்ட கீழ்க்கடை முதலாளி மட்டும் அவரைத் தன் இனத்தவரைப் போலப் பார்த்துத் தலையசைத்தார்.

“எங்கட தாத்தா கேள்விப்பட்டா என்ன செய்வா மச்சான்?” என்றான் றிம்சான்.

“உங்கட தாத்தாவ நினைச்சாத்தான் எனக்குப் பயம்,” என்றார் சாலிஹ், மனைவியை நினைத்து.

மாடியில் ஏறும்போதே போன் அடித்தது. சாலிஹ் எடுத்தார். மறுமுனையில் ஓர் ஆண்குரல், வாய்க்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டு பேசுவது போல.

“துப்புரவுச் சேவையா?”

“ஓம். குழி எங்க?”

“குழி இல்ல.” குரல் தயங்கியது. ஊரில் பெரிய மேடைகளில் கேட்டுப் பழகிய குரல். சாலிஹ் அடையாளம் கண்டுகொண்டார், காணாதது போலக் காத்திருந்தார். “எனக்கில்ல, தெரிஞ்ச ஒராளுக்கு. நீங்க செஞ்சீங்களாமே, அந்த ஒப்பரேசன். அது எங்க?”

றிம்சான் ரோஸ் நிறப் பையைத் தூக்கிப் பிடித்தான். சாலிஹ் இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசித்தார். மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது. குரல் இரண்டு தடவை சரிபார்த்தது.

“ஒண்டு சொல்லோணும்,” என்றார் சாலிஹ், வைப்பதற்கு முன். “அந்த ஆளுக்கிட்டச் சொல்லிருங்க. அங்க தாத்தா எண்டு கூப்பிடுவாங்க. கோவிக்கப்படா.”